காது குத்தினோம், காது கேட்கிறதா என்று பார்த்தோமா?



நீளமான பதிவு. காபியைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். முப்பத்தாறு வருஷம் வகுப்பில் நின்றவளுக்கு முகச்சுளிப்பு ஒன்றும் புதிதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹாலில் எங்கள் வீட்டுக் காதுகுத்து. என் நாத்தனாரின் பேரன். வயது ஒன்றே கால். பெற்றவர்களிடம் கேட்டு, அவர்கள் சரியென்று சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். பெயர் எழுதவில்லை. சொந்தக்காரர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

ஹால் சின்னது, மேளம் பெரியது. தவில்காரர் நாலடி தூரத்தில் உட்கார்ந்து வெளுத்து வாங்கினார். எனக்குப் பல் கூசியது. குழந்தையோ தாய்மாமன் மடியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். "என்ன சமத்து பாரு, இவ்வளவு சத்தத்துலயும் எப்படித் தூங்குது!" என்று ஆளாளுக்கு நெட்டி முறித்தார்கள். ஆசாரி ஊசியை வைத்ததும்தான் வீலென்று அழுதான்.

பந்தியில் பேச்சு வந்தது. "இன்னும் ஒரு வார்த்தை வரலையாமே?" அவ்வளவுதான், ஆளுக்கொரு வைத்தியம். வசம்பைச் சுட்டு நாக்கில் தடவு. தேனைத் தடவு. நாக்குக்குக் கீழே ஒட்டியிருக்கும், டாக்டரிடம் சொல்லி ஒரு வெட்டு வெட்டிவிடு. ஆம்பளைப் பிள்ளை, லேட்டாத்தான் பேசுவான். இவன் கொள்ளுத்தாத்தா நாலு வயசில்தான் வாயைத் திறந்தார், அப்புறம் வக்கீலாகி மூடவே இல்லை.

எண்ணிப் பார்த்தேன். ஏழு யோசனை. அத்தனையும் வாய்க்கு. அன்றைக்குப் பொன் ஏறிய அந்தக் காதைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. "இவனுக்குக் காது கேட்கிறதா என்று பார்த்தீர்களா?" என்று நான் கேட்டேன். பெரியம்மா இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். "நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது" என்று யாரோ முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. என் காதுக்கு அறுபத்தைந்து வயதாகிவிட்டது, ஆனாலும் சில விஷயங்கள் கேட்கத்தான் செய்கின்றன.

அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். பேச்சு வாயில் தொடங்குவதில்லை. காதில் தொடங்குகிறது. நம் வீடுகளும் என்னைப் போன்ற ஆசிரியர்களும் காலங்காலமாக வாயைத் திட்டி, நாக்கை இழுத்து, காதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். அதனால் கெட்டுப்போன குழந்தைகள் உண்டு. நான் கெடுத்த ஒருவனைப் பற்றியும் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. அமெரிக்காவில் இருக்கும் மகனிடம் வாட்ஸ்அப்பில் பேசும்போது சில சமயம் உங்கள் குரலே அரை நொடி தாமதித்து உங்களுக்குத் திரும்பி வரும் இல்லையா? அப்போது என்ன ஆகிறது? வார்த்தை தடுக்கும், இழுக்கும், "ஹலோ ஹலோ" என்று நின்றுவிடுவோம். அந்த நேரத்தில் நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. நாம் பேசுவதை நாமே கேட்டுக் கேட்டுத்தான் அடுத்த சொல்லைப் பேசுகிறோம். அந்தக் கேட்டல் கொஞ்சம் பிசகினால் போதும், அறுபது வருஷப் பேச்சும் தடுமாறும். பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர் 1950-லேயே இதை எழுதி வைத்தார். அதற்கும் முன்னால், 1911-இல், லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் இன்னொன்றைக் கவனித்தார். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துகிறான். ரங்கநாதன் தெருவில் புடவைக்கடை வாசலில் நின்று பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால் தொண்டை கட்டிக்கொள்வது அதனால்தான். கத்த வேண்டும் என்று யார் நினைத்தது? காது உத்தரவு போட்டது, வாய் கேட்டது.

இரண்டும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்தவை. ஒரு வளர்ந்த ஆணின் குரல்வளையிலிருந்து உதடு வரைக்கும் உள்ள குழாய் சுமார் 17 சென்டிமீட்டர். நாக்கும் தாடையும் உதடும் அந்தக் குழாயின் வடிவத்தை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. அ, இ, உ என்பதெல்லாம் அந்த வடிவ மாற்றம்தான், புல்லாங்குழலில் விரலை மாற்றுவது போல. அந்தக் குழாயில் எழும் முக்கியமான அதிர்வுகள் சுமார் 300 ஹெர்ட்ஸிலிருந்து 3000 சொச்சம் வரைக்கும் இருக்கின்றன. பழைய தொலைபேசிக் கம்பியில் 300 முதல் 3400 வரைதான் அனுப்பினார்கள், அதிலேயே அத்தை குரல் எது, சித்தி குரல் எது என்று தெரிந்ததே!

இப்போது காதுக்கு வாருங்கள். துவாரத்திலிருந்து செவிப்பறை வரைக்கும் இரண்டரை சென்டிமீட்டர்தான். அதுவும் ஒரு பக்கம் மூடிய குழாய். அந்த நீளக் குழாய் தானாகவே 3000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலியைக் கூட்டிக்கொடுக்கும். மனிதக் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. சரி. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கேட்காது. மிக மெல்லிய ஒலியையும் பிடிப்பது 2000-க்கும் 5000-க்கும் நடுவில்தான். ச-வும் த-வும் க-வும் வேறுபடுவதற்கான நுணுக்கமான உரசல்கள் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கின்றன. வாய் எங்கே நுணுக்கம் செய்கிறதோ, காது அங்கே கூர்மையாக இருக்கிறது.

இது மனிதனுக்கு மட்டுமான ஏற்பாடு இல்லை. ஐப்பசி மழையில் அடையாறு ஆற்றோரம் தவளைகள் கத்துவதைக் கேட்டிருப்பீர்கள். நமக்கு எல்லாம் ஒரே கூச்சல். பெண் தவளையின் காதோ தன் இனத்து ஆண் கத்தும் ஒலிக்குத்தான் கூர்மையாகத் திறக்கிறது.

குழந்தை இந்த அளவெடுப்பை எப்போது தொடங்குகிறது தெரியுமா? பிறப்பதற்கு முன்னால். கர்ப்பத்தின் ஆறாவது, ஏழாவது மாதத்திலேயே காது வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது. பிறந்த குழந்தைக்கு எந்த மொழியும் தாய்மொழிதான், எல்லா ஒலி வேறுபாட்டையும் பிரித்துக் கேட்கும். கனடாவில் ஜேனட் வெர்க்கர் என்ற ஆய்வாளர் 1984-இல் வெளியிட்ட ஆய்வு பெயர் பெற்றது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள ட, த இரண்டையும் போட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு கிடையாது. ஆறு, ஏழு மாதக் குழந்தைகள் சட்டென்று பிரித்துவிட்டன. ஒரு வயதை நெருங்கும் குழந்தைகளுக்கு அது முடியவில்லை. வீட்டில் புழங்காத ஒலிக்கு உள்ளே கதவு சாத்தப்பட்டுவிட்டது. புழங்கும் ஒலிக்கு இன்னும் அகலமாகத் திறந்தது. ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னாலேயே காது பள்ளிக்கூடம் போய் ஒரு வகுப்பை முடித்துவிடுகிறது என்று அர்த்தம்.

அந்த ஒரு வருஷம் ஒலியே உள்ளே போகாத குழந்தையை நினைத்துப் பாருங்கள். அதற்கு வசம்பு என்ன செய்யும்?

காது கேட்காத குழந்தையும் மூன்று நான்கு மாதத்தில் "ஆ... ஊ" என்று குரல் கொடுக்கும். சிரிக்கும். அதைப் பார்த்துத்தான் வீட்டார் ஏமாந்து போகிறார்கள். காது கேட்கும் குழந்தை ஏழெட்டு மாதத்தில் "பாபாபா, தாதாதா" என்று அசை கோக்கத் தொடங்கும். தான் போட்ட சத்தத்தைத் தானே கேட்டு ரசித்து மறுபடி போடுகிற விளையாட்டு அது. கேட்காத குழந்தைக்கு அந்த விளையாட்டில் ருசி இல்லை, அதனால் அந்தக் கட்டம் தள்ளிப்போகிறது, சில சமயம் வராமலே போகிறது. நம் குழந்தை "பாபாபா" சொன்னானா என்று அவன் அம்மாவிடம் கேட்டேன். யோசித்தாள். "முன்னாடி ஏதோ சத்தம் போடுவான் அத்தை, இப்போ குறைஞ்சிருக்கு" என்றாள். அந்த ஒரு வரிதான் எனக்கு அன்றிரவு தூக்கத்தைக் கெடுத்தது.

"பின்னாலேருந்து தட்டைத் தட்டினோம், திரும்பினானே!" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா எழுதியிருக்கிறார். மாமா, மன்னிக்கவும். தட்டு விழும் சத்தம் பேச்சைவிட எத்தனையோ மடங்கு பெரியது. பாதிக் காது கேட்கிறவனும் திரும்புவான். கதவை அறைந்தால் தரையில் அதிர்வு வரும், காற்று வீசும், சுவரில் நிழல் ஆடும். குழந்தை கெட்டிக்காரன், அதற்கும் திரும்புவான். அது காதுப் பரிசோதனை ஆகாது.

எல்லாவற்றையும்விட எனக்கு ஆத்திரம் வருவது "ஊமை" என்ற சொல்லின் மேல். வாயில் கோளாறு என்று சொல்கிற சொல் அது. அப்படிக் கூப்பிடப்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு நாக்கு, உதடு, தொண்டை எதிலும் ஒரு குறையும் கிடையாது. கேட்கவில்லை, அதனால் பேச்சு உருவாகவில்லை, அவ்வளவுதான்.

"நாங்க எல்லாம் டெஸ்ட் எடுத்தா வளந்தோம்?" என்று கேட்கிறவர்களுக்கு நம் குடும்பத்திலேயே பதில் இருக்கிறது. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், மந்தைவெளி பழைய வீட்டின் பின்கட்டில் இருந்த பெரிய அத்தை. ஆட்டுக்கல்லும் அம்மியும் அவர் கையில்தான். இருபது பேருக்கு மாவு ஆட்டுவார். குலுங்கிக் குலுங்கிச் சத்தமாகச் சிரிப்பார். சத்தமாக! தொண்டை இல்லாதவரா அப்படிச் சிரிப்பார்? வீட்டில் எல்லாரும் அவரை "ஊமைச்சி" என்றுதான் சொன்னார்கள், குழந்தைகளாகிய நாங்களும் சொன்னோம். அவர் பெயர் ஜானகி. அவர் இறந்தபோது மரணச் சான்றிதழுக்காகக் கேட்டார்கள், அப்போதுதான் எனக்கே தெரியும். டெஸ்ட் எடுக்காமல் வளர்ந்தவர்களில் சரியாக வளர்ந்தவர்கள் இன்று ஃபேஸ்புக்கில் எழுதுகிறோம். மற்றவர்கள் பின்கட்டில் இருந்தார்கள்.

இப்போது என் கதை. 1994. தி.நகரில் நான் வேலை பார்த்த பள்ளியில் மூன்றாம் வகுப்பு. உயரமான பையன், அதனால் கடைசி பெஞ்சு. கணக்கில் சுட்டி. சொல்வதை எழுதுதலில் மட்டும் படுமோசம். "சட்டை" என்று நான் சொன்னால் "அட்டை" என்று எழுதுவான். "சிலை" என்றால் "இலை". "சுவர்" என்றால் "உவர்". சிவப்பு மையில் "கவனக்குறைவு" என்று எழுதினேன். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஒன்றரை வருஷம். முட்டியில் அடித்தேன். வாசலில் நிற்க வைத்தேன். பேச்சும் கொழகொழவென்று இருக்கும். அவன் அம்மாவைக் கூப்பிட்டு, "நாக்கு தடிப்பா இருக்கும்மா, கூழாங்கல்லை வாயில போட்டுப் பேசப் பழக்குங்க" என்று சொன்னேன். ஆமாம், இதே வாய்தான் சொன்னது.

பள்ளிக்கு ஒரு மருத்துவ முகாம் வந்தது. வந்தவர்களில் ஒரு பெண் தன் வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொண்டு சாதாரணக் குரலில் பத்துச் சொற்கள் சொன்னார். பையன் மூன்றைத்தான் திருப்பிச் சொன்னான். காகிதத்தை எடுத்துவிட்டுச் சொன்னார். ஒன்பது. எனக்குக் கால் தரையில் இல்லை. ஒன்றரை வருஷமாக அவன் என் உதட்டைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்ன சொற்களில்தான் தவறு செய்திருக்கிறான்.

ஆடியோகிராம் எடுத்தார்கள். தாழ்ந்த ஒலியெல்லாம் ஓரளவு கேட்கிறது, உயர்ந்த ஒலிக்குப் போகப் போகக் கோடு படிக்கட்டு மாதிரி இறங்குகிறது. அந்தப் பெண் சொன்ன விளக்கத்தை நான் என் பாஷையில் இப்படிப் புரிந்துகொண்டேன்: அவனுக்கு உயிர் கேட்கிறது, மெய் கேட்கவில்லை. "சட்டை"யில் ச்-ஐ எடுத்தால் மிச்சம் "அட்டை"தானே! அவன் கவனக்குறைவாக எழுதவில்லை. அவனுக்குக் கேட்டதை அணு பிசகாமல் எழுதியிருக்கிறான். வகுப்பிலேயே மிகச் சரியாகச் சொல்வதை எழுதியவன் அவன்தான். பேச்சு கொழகொழவென்று இருந்ததும் அதனால்தான். காதில் விழாத மெய் வாயில் எப்படி வரும்?

சட்டைப்பையில் வைக்கும் பழைய மாடல் கருவி, கழுத்தில் ஒயர். போட்டுக்கொண்டு வந்த முதல் நாள் முதல் பெஞ்சில் உட்கார வைத்தேன். நான் பலகையில் தேதி எழுதினேன். "டீச்சர், சாக்பீஸ் சத்தம் போடுது!" என்றான். வகுப்பு சிரித்தது. நான் திரும்பவில்லை, எழுதிக்கொண்டே இருந்தேன். திரும்பும் நிலையில் நான் இல்லை.

அவன் இந்தப் பதிவைப் படிப்பான். நாற்பதைத் தாண்டிவிட்டான். அவனிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று, இருந்தாலும் எல்லார் முன்னாலும் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று இருந்தது. கேட்டுவிட்டேன்.

இனி நான் படித்த படிப்பைப் பற்றி. ஆசிரியர் பயிற்சியில் எழுத்துகளின் பிறப்பு என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். தொல்காப்பியர் உந்தியிலிருந்து காற்று கிளம்புவதில் தொடங்கி தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடம் சொல்கிறார். ஒப்பித்து எழுதி பத்துக்கு எட்டு வாங்கினேன். உலகத்தில் எத்தனையோ மொழிகள் எழுத்தே இல்லாமல் இருந்த காலத்தில் ஒலிப்பிறப்பை இப்படிப் பகுத்தவர்கள் நம்மவர்கள். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் பட்டியலில் காது இல்லை. அவர் எழுதியது பிறப்பைப் பற்றி, அவரைக் குறை சொல்லவில்லை. மாத்திரைக்கு அளவு சொல்லும்போது கண் இமைப்பதையும் கை நொடிப்பதையும்தான் சொன்னார், நொடிப்பு காதால் அளப்பதுதானே. என் சண்டை அவரோடு இல்லை. அந்தப் பட்டியலை ஒப்பிக்க வைத்துவிட்டு, "குழந்தைக்கு எப்படிக் கேட்கும்?" என்று ஒரு வகுப்புகூட எடுக்காத பயிற்சியோடு. முப்பது குழந்தைகளை ஒப்படைக்கிறவர்கள் ஒரு ஆடியோகிராமை எங்களுக்குக் காட்டியிருக்கக் கூடாதா?

இந்தக் குறையின் இன்னொரு விளைவு ழகரச் சண்டை. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ழ வரலை, தமிழ் செத்துப்போச்சு" என்று மாதம் ஒரு பதிவாவது என் நண்பர்கள் போடுகிறீர்கள். நானும் ஒரு காலத்தில் ழகர போலீஸ்தான், பழைய மாணவர்களுக்குத் தெரியும். "நாக்கை மடி, மேலே தொடு" என்று கத்துவேன். பிள்ளையும் மடிப்பான், தொடுவான், "பளம்" என்பான். மறுபடி திட்டு. அவன் நான் சொன்னதைத்தான் செய்தான் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. நாக்கு மேலே அழுந்தினால் ள. ழ-வில் நாக்கு அண்ணத்தை நெருங்கி, ஒட்டாமல் நிற்க வேண்டும். தொல்காப்பியர்கூட வருடுவதாகத்தான் சொல்கிறார், அழுத்தச் சொல்லவில்லை. நம் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துப் போன ஸ்ரீகாந்த் நாராயணன், வேறு இரண்டு பேரோடு சேர்ந்து, ர ற ல ள ழ ஐந்துக்கும் நாக்கு என்ன செய்கிறது என்று எம்.ஆர்.ஐ. படமெடுத்து 1999-இல் அமெரிக்காவில் கட்டுரையே வெளியிட்டிருக்கிறார்.

அந்தப் படத்தைக் குழந்தையிடம் காட்டினால் ழ வந்துவிடுமா? வராது. தன் நாக்கு எங்கே இருக்கிறது என்று பேசும்போது யாருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? சரியாக வந்ததா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி காது. வீட்டில் வாளப்பளம், தெருவில் வாயப்பயம் என்று கேட்டு வளர்ந்த காதுக்கு ல-வும் ள-வும் ழ-வும் ஒரே டப்பாவில் விழுகின்றன. அந்தச் சாட்சியைத் தயார் செய்யாமல் நாக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால்?

கடைசிப் பத்து வருஷம் நான் முறையை மாற்றினேன். யாரையும் ழ சொல்லச் சொல்ல மாட்டேன். நான் வாயை நோட்டுப்புத்தகத்தால் மறைத்துக்கொண்டு சொல்வேன்: வாலை, வாளை, வாழை. கலை, களை, கழை. ல கேட்டால் ஒரு விரல், ள-வுக்கு இரண்டு, ழ-வுக்கு மூன்று. காலையில் ஐந்து நிமிஷம், விளையாட்டாக. முதல் வாரம் விரல்கள் கண்டபடி எழும். பிறகு மெல்ல ஒழுங்குக்கு வரும். விரல் சரியாக எழத் தொடங்கிய பிள்ளைகளில் பாதிப் பேர் நான் கேட்காமலே ழ சொல்லத் தொடங்கினார்கள். மீதிப் பேருக்கு நாக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் போதுமாக இருந்தது.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. மாடவீதிகளைச் சுற்றிப் பாட்டு வகுப்பு எடுக்கும் எந்த டீச்சரைக் கேட்டாலும் சொல்வார். குழந்தை வந்து உட்கார்ந்ததும் சுருதிப்பெட்டியைப் போடுகிறார். "கேளு" என்கிறார். குரல்வளையை இப்படி வை என்று யாராவது சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? மார்கழியில் சபா மேடையில் பெரிய வித்வான்கள்கூட ஒரு கையைக் காதோரம் வைத்துக்கொண்டு பாடுகிறார்கள், மைக்காரரிடம் "தம்புரா கேட்கலை" என்று சைகை காட்டுகிறார்கள். ஏன்? கேட்காவிட்டால் சேராது. ஒரே தெருவில் பாட்டு வகுப்பில் காதுக்குப் பாடம் நடக்கிறது, எதிர்ப்பக்கம் தமிழ் வகுப்பில் நாக்குக்கு அடி விழுகிறது.

வகுப்பறையைப் பற்றி ஒரு பத்தி, ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்காக. வகுப்பில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் அரசாங்கத்தின் 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி அமைதி மண்டலம் என்று அறிவித்த பள்ளி வாசலிலேயே பகலில் 50 தான் அனுமதி. உஸ்மான் ரோடு பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்துப் பாடம் நடத்தியவளிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் சிரிப்புத்தான் வரும். நீங்கள் சாதாரணமாகப் பேசினால் ஒரு மீட்டரில் 60 டெசிபல். தூரம் இரட்டிப்பாக இரட்டிப்பாகக் குறைந்துகொண்டே போகும். மேலே ஃபேன், வெளியே பஸ் ஹாரன். கடைசி பெஞ்சுக்குப் போவது மிச்சம் மீதிதான். அங்கேயும் முதலில் தொலைவது மெய்யெழுத்துதான். பெயர் வாசித்து வருகைப்பதிவு எடுக்கும்போது வாயை மறைத்துக்கொண்டு எடுங்கள், ஒரு வாரத்தில் உங்களுக்கே சில பெயர்கள் தெரிந்துவிடும். பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

நம் குழந்தைக்கு வருகிறேன். அவனுக்குக் காது கேட்கவில்லை என்று நான் சொல்லவில்லை. சொல்ல நான் டாக்டரும் இல்லை. நன்றாகக் கேட்கலாம், பேச்சு தாமதத்துக்கு வேறு காரணங்கள் உண்டு, சும்மாவே தாமதமாகப் பேசும் குழந்தைகளும் உண்டு. ஆனால் பார்த்துவிடலாமே? ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒன்று முதல் மூன்று பேருக்குப் பிறவியிலேயே நிரந்தரக் கேள்விக் குறை இருக்கிறது என்பது உலகக் கணக்கு. சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுதல். இவன் அப்பா அம்மா அத்தை மகன், மாமன் மகள். அந்தக் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்திவைத்த பெரியவர்கள் நாம்தான். பரிசோதனையையும் முன்னால் நின்று நடத்துவதில் என்ன கௌரவக் குறைச்சல்?

பரிசோதனை என்றால் பயப்பட ஒன்றுமில்லை. நல்ல காது தானே ஒரு மெல்லிய எதிரொலியை எழுப்பும். லண்டனில் டேவிட் கெம்ப் 1978-இல் கண்டுபிடித்தது. காதில் ஒரு சின்ன அடைப்பானை வைத்து அந்த ஒலி வருகிறதா என்று பார்ப்பார்கள், இதற்கு ஓ.ஏ.இ. என்று பெயர். சில நிமிஷம். காது குத்தியதைவிட வலி குறைவு, வலியே கிடையாது. அதில் சந்தேகம் வந்தால் பெரா. குழந்தை தூங்கும்போது தலையில் சின்னப் பட்டைகளை ஒட்டி, காதில் ஒலி கொடுத்து, மூளைக்குப் போகும் பாதையைப் பார்ப்பார்கள். பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை அல்லது கருவி என்பதுதான் உலகம் பின்பற்றும் கணக்கு. நம்மவன் அதில் ஏற்கெனவே ஒன்பது மாதம் பின்தங்கிவிட்டான். அவன் பிறந்த ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதங்களைப் புரட்டினேன். தடுப்பூசி, எடை, பில்கணக்கு எல்லாம் இருந்தது. காதுக்கு ஒரு வரி இல்லை.

குறை என்றே வந்தாலும் நம் ஊரில் வழி இருக்கிறது. மாநில அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளாண்ட் செய்கிறார்கள். அடையாறில் பால வித்யாலயா 1969 முதல், மயிலாப்பூரில் கிளார்க் பள்ளி 1970 முதல் இருக்கின்றன. ஐம்பது வருஷத்துக்கு மேலாக நாம் கோயிலுக்கும் காய்கறிக்கும் போகும் வழியில். அவர்களிடம் சீக்கிரம் கொண்டுபோக வேண்டும், அதுதான் விஷயம். சைகை மொழியை வழியாக எடுத்துக்கொள்ளும் குடும்பங்களையும் நான் மதிக்கிறேன். அதுவும் முழு மொழி. சைகை பார்த்து வளரும் குழந்தைகள் கையாலேயே மழலை பேசுகின்றன என்று 1991-இல் ஆய்வே வந்திருக்கிறது. வாய்க்குக் காது போல, கைக்குக் கண் துணை. எந்த வழியானாலும் மூளை காத்திருக்கும் காலம் கொஞ்சம். வசம்புக்கும் "ஆம்பளைப் பிள்ளை லேட்டா பேசுவான்" என்பதற்கும் அதில் மாதங்களைச் செலவழிக்க முடியாது. குழந்தைக்கு வசம்பே கொடுக்காதீர்கள் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வது தனி விஷயம்.

ஒரு உபகதை. இதே பந்தியில் மூன்று பெரியவர்கள் "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை. என் 1994 மாணவனுக்கு நடந்ததுதான் வயதில் நமக்கு நடக்கிறது, உயர்ந்த ஒலி முதலில் போகும். கண்ணாடியைப் பெருமையாகப் போட்டுக்கொள்கிறோம், காதுக்கருவியைப் பீரோவில் பூட்டி வைக்கிறோம். என் வீட்டுக்காரரும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் ஃபேஸ்புக்கில் இல்லை, யாராவது படித்துக் காட்டுங்கள், கொஞ்சம் உரக்க.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். அன்றைக்கு விடியற்காலையிலேயே அவனை எழுப்பி, வழியில் தூங்கவிடாமல் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே போய்த் தூங்கினால்தான் பெரா எடுக்க முடியும். காரில் கூட உட்கார்ந்து விளையாட்டுக் காட்ட ஒரு ஆள் வேண்டும். பெரியம்மா நேற்று ராத்திரி போன் செய்து தானே வருவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. வரட்டும். வசம்பை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.